மூடிய மில் நிலம்: விற்பதா, பங்கு பிரிப்பதா, கையில் வைத்தே கட்டுவதா?

கோவையில் மில் சுற்றுச்சுவரை ஒட்டிய தெருக்களில் குடியிருக்கும் வாசகர்கள் சிலர் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். மில் இனி ஓடாது என்று முடிவாகிவிட்டால், அந்த நிலத்துக்கு நாம் என்ன கேட்பது? நல்ல விலைக்குப் போகட்டும், தொழிலாளிகளின் பாக்கி தீரட்டும் என்கிறார்கள் சிலர். பூங்காவும் வீடும் வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சிகளும் இருக்கின்றன.

கேள்விக்குக் காரணம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனமான தேசியப் பஞ்சாலைக் கழகத்துக்குத் தமிழ்நாட்டில் ஏழு மில்கள். அவற்றில் ஐந்து கோவை வட்டாரத்தில் இருக்கின்றன. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய, கோவையின் முதல் பஞ்சாலையும் அந்த ஐந்தில் ஒன்று. 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்ற இயந்திரங்கள் அதன்பின் முழு அளவில் ஓடவே இல்லை. ஓட்ட முடியுமானால் ஓட்டுவதுதான் முதல் வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தக் கட்டுரை அதற்கு அடுத்த கேள்வியைப் பற்றியது: ஓடாது என்றானால், வீடு, கடை, அலுவலகம், பள்ளி எல்லாம் கலந்த ஒரு பேட்டையாக அந்த நிலத்தை எந்த வழியில் மாற்றுவது? உலகத்தில் பல ஊர்கள் இந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டன. சில ஊர்கள் இழந்ததைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

## எதை வைத்து எடை போடுவது

தெரு. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். என் பெரியப்பா ஒரு பஞ்சாலையில் ரிங் பிரேம் பிரிவில் வேலை பார்த்தார். அவர் வீட்டிலிருந்து மில்லுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போக, சுவரைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். நிலத்துக்குள் நேராக ஒரு வழி இருந்தால் நாலு நிமிடம். மில் நின்ற பிறகும் ஊர் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறது. மில் போய் அதே சுவருக்குள் அடுக்குமாடிக் கோபுரங்கள் வந்தால், சுவர் அப்படியே இருக்கும், காவலாளியின் சீருடை மட்டும் மாறும். ஆகவே எந்தத் திட்டத்தைக் காட்டினாலும், உள்ளே போகும் தெருக்கள் மாநகராட்சித் தெருக்களா, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வர முடியுமா என்று கேளுங்கள்.

தொழிலாளி. பாக்கித் தொகை ஒரு கணக்கு. அந்த இடத்தில் வேலை பார்த்த குடும்பத்துக்கு அதே இடத்தில் வீடோ கடையோ வேலையோ கிடைக்குமா என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் முதலாவது மட்டும்தான் பேச்சில் மிஞ்சும்.

காசு எப்போது வருகிறது, யாருக்கு வருகிறது. நிலத்தின் மதிப்பு விற்கிற நாளில் உச்சத்தில் இருப்பதில்லை. தெருவும் தண்ணீரும் பள்ளியும் வந்த பிறகுதான் ஏறுகிறது. அந்த ஏற்றம் யார் பைக்குப் போகிறது?

மண். நூற்பு மட்டும் நடந்த மில்லில் தீங்கு குறைவு. சாயமும் வெளுப்பும் நடந்திருந்தால் நிலைமை வேறு. கொதிகலன் சாம்பல், எண்ணெய்த் தொட்டி, பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய், ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்று ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். கொடைக்கானலில் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணைச் சுத்தம் செய்யும் விவகாரம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று விற்பதற்கு முன்பே எழுதாவிட்டால், பிறகு அது குடியிருப்பவர் தலையில் விழும்.

தாங்கும் திறன். ஷிப்டுக்குச் சில நூறு பேர் வந்துபோன இடத்தில் சில ஆயிரம் பேர் குடியேறும்போது சாலையும் சாக்கடையும் தாங்குமா?

## வழி 1: ஏலத்தில் மொத்தமாக விற்பது

இதற்கு மும்பையைப் பார்க்க வேண்டும். கிரண்காவ் என்று மராத்தியில் அழைக்கப்பட்ட மில் பேட்டையில் ஏறக்குறைய 600 ஏக்கரில் 58 மில்கள் இருந்தன. 1982 ஜனவரி 18இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகள் இறங்கினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேட்டை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

2005இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் அங்கே ஐந்து மில்களின் நிலங்களை ஏலம் விட்டது. லோயர் பரேலில் 17 ஏக்கர் பரப்புள்ள மும்பை டெக்ஸ்டைல் மில் 702 கோடி ரூபாய்க்குப் போனது. அந்த நாளில் அது பெரிய செய்தி. அதே நிலத்தை வாங்கிய நிறுவனம் 2012இல் இன்னொரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்ற விலை சுமார் 2,700 கோடி. ஏழு ஆண்டுகளில் ஏறிய சுமார் 2,000 கோடியில் ஊருக்கும் தொழிலாளிக்கும் பங்கு இல்லை.

இந்த வழிக்கு ஒரு நியாயம் உண்டு. காசு உடனே வரும். ஆண்டுக்கணக்கில் சம்பளம் தடைப்பட்டு, பி.எஃப். பணத்துக்கும் கிராஜுவிட்டிக்கும் அலையும் குடும்பத்திடம் போய், இருபது ஆண்டு பொறுத்தால் நல்ல பேட்டை வரும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மறைந்திருக்கும் செலவோ பயங்கரமானது. மில்கள் போய் அலுவலகக் கோபுரங்கள் வந்தபின், பரேல் பகுதிக்குத் தினமும் வந்துபோகும் கூட்டம் பெருகியது. ரயில் நிலையமும் படிக்கட்டும் மில் காலத்து அளவிலேயே இருந்தன. 2017 செப்டம்பர் 29 காலையில், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிந்தது. 23 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 29இல், கமலா மில்ஸ் வளாகத்தில் மாடியில் நடந்த உணவு விடுதிகளில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். நிலங்களைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டவிட்டால் பாலத்தை யார் அகலப்படுத்துவது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளே இருப்பதில்லை.

சென்னையில் பின்னி மில் நிலமும் கட்டுமான நிறுவனங்களின் கைக்குப் போய்க் குடியிருப்புக் கோபுரங்களாகிறது. 1918இல் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்ததற்குக் காரணமாக இருந்த மில் அது. கொழும்பில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த இடத்தில் இன்று ஹேவ்லாக் சிட்டி நிற்கிறது. இரண்டையும் கடந்து போகும்போது, பழைய சுவர் எங்கே இருந்ததோ அங்கேயே புதிய சுவரும் நிற்கிறதா என்று பாருங்கள்.

எப்போது சரி: நிலம் சிறியது, ஐந்து ஏக்கருக்குள். சுற்றிலும் தெருக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தொழிலாளிகளின் பாக்கி நெருக்குகிறது. விற்பதற்கு முன் தெரு, மண், திறந்தவெளி நிபந்தனைகள் பத்திரத்திலேயே ஏறியிருக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்தால் விற்கலாம்.

## வழி 2: விதி போட்டுப் பங்கு பிரிப்பது

இதுவும் மும்பைதான். 1991 வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆம் விதி வந்தது. மில் நிலத்தை மாற்றிக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு வீட்டு வசதி வாரியத்துக்கு, மீதி ஒரு பங்கு உடைமையாளருக்கு. படித்தாலே மனம் குளிர்கிற விதி. 1996இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு பரேல் பகுதி மில் நிலங்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பார்க்காமல் ஒரே பரப்பாகப் பார்த்துத் திட்டம் போடச் சொன்னது.

2001இல் விதி திருத்தப்பட்டது. திருத்தம் ஒரு சொல்லில்தான் நின்றது. பங்கு பிரிப்பது முழு நிலத்திலிருந்து அல்ல, கட்டடம் இல்லாத வெற்று நிலத்திலிருந்து மட்டும் என்றானது. மில் என்றால் என்ன? சுவரிலிருந்து சுவர்வரை கூடம். வெற்று நிலம் அங்கே எவ்வளவு இருக்கும்? 600 ஏக்கரில் 400 ஏக்கர் பொதுவுக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் அதன் சிறு பகுதிதான் வந்தது. 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. 2012இல் மில் தொழிலாளிகளுக்கான குலுக்கலில் 6,925 வீடுகள் கிடைத்தன. விண்ணப்பித்தவர்கள் லட்சத்துக்கு மேல்.

நம் ஊர்க் கணக்கு என்ன? தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். 20 ஏக்கர் மில் என்றால் ஓ.எஸ்.ஆர். சுமார் 2 ஏக்கர். மும்பையின் முதல் விதிப்படி திறந்தவெளி மட்டும் ஆறரை ஏக்கருக்கு மேல், வீட்டுக்கு இன்னொரு ஆறரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேல்நிலைப் பள்ளியும் விளையாட்டுத் திடலும் ஒரு சந்தையும் அடங்கும்.

மறைந்திருக்கும் செலவு, காவல் காப்பது. விதியை எழுதிவிட்டுத் தூங்கக் கூடாது. அடுத்த திருத்தம் எப்போது வருகிறது என்று ஒவ்வொரு அரசிதழையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்க்க ஒரு தொழிற்சங்கமோ குடியிருப்போர் சங்கமோ உயிரோடு இருக்க வேண்டும்.

எப்போது சரி: மில்கள் பல தனியார் கைகளில் சிதறிக் கிடக்கின்றன, அரசிடம் வாங்கக் காசு இல்லை. அப்போது இதைவிட்டால் வேறு வழி இல்லை. விதி எழுதும்போது "மொத்த நிலப்பரப்பில்" என்ற இரண்டு சொற்களை மட்டும் யாரும் கை வைக்க முடியாதபடி எழுதிவிடுங்கள்.

## வழி 3: நிலத்தைப் பங்காக வைத்து, ஒரே கூட்டாளியோடு கட்டுவது

லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்குப் பின்னால் 67 ஏக்கர் ரயில்வே சரக்கு முற்றம் பாழ்பட்டுக் கிடந்தது. நிலத்தில், பின்னர் அரசின் கைக்கு வந்த ஒரு ரயில் நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. அதை விற்றுவிடாமல், கட்டும் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார்கள். உள்ளூர் மன்றத்தோடும் மக்களோடும் ஆண்டுக்கணக்கில் பேசிய பிறகு 2006இல் அனுமதி கிடைத்தது.

அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதலில் கொண்டுவந்தது விலையுயர்ந்த வீடுகளை அல்ல, ஒரு கலைக் கல்லூரியை. 1852இல் கட்டிய தானியக் கிடங்கை இடிக்காமல் செப்பனிட்டு, அதையும் ஒட்டிய பழைய கூடங்களையும் 2011இல் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான மாணவர்கள் தினமும் நடந்து வந்தார்கள். தேநீர்க் கடை தானாக வந்தது. வீடு வாங்குகிறவர் வரும்போது அது ஏற்கெனவே ஓர் ஊராகியிருந்தது.

நம் மில்களிலும் அப்படிப்பட்ட கூடங்கள் உண்டு. ரம்பப் பல் போல வரிசையாக எழுந்து சரியும் கூரை. செங்குத்தான பக்கத்தில் கண்ணாடி, வடக்கைப் பார்த்து. நேர் வெயில் இறங்காது, உள்ளே சீரான வெளிச்சம் நிற்கும். அறுந்த நூல் நுனி தொழிலாளியின் கண்ணில் பட வேண்டுமே, அதற்காக அப்படிக் கட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் ஒரு பொது நூலகமோ ஐ.டி.ஐ. பயிற்சிக் கூடமோ எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இடித்தால் கிடைப்பது பழைய இரும்பின் எடைக்கு ஒரு விலை.

பண விஷயத்திலும் பொறுமை வீண்போகவில்லை. 2016இல் பிரிட்டன் அரசு தன் 36.5 சதவீதப் பங்கை ஓர் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியத்துக்கு விற்றபோது 37 கோடி பவுண்டுக்கு மேல் கிடைத்தது. தொடக்கத்திலேயே விற்றிருந்தால் இந்த ஏற்றத்தில் பங்கு கிடைத்திருக்காது.

மறைந்திருக்கும் செலவும் உண்டு. அங்கே தெருக்கள் எல்லோருக்கும் திறந்திருந்தாலும் சொத்து தனியாருடையது. 2019இல் அந்தத் தெருக்களில் நடப்பவர்களின் முகங்களை அடையாளம் காணும் கேமராக்கள் இயங்கியது வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையானது. கூட்டம் கூட, பாட, துண்டறிக்கை கொடுக்க யாரிடம் அனுமதி கேட்பது? திறந்திருப்பதும் பொதுவாக இருப்பதும் ஒன்றல்ல.

எப்போது சரி: நிலம் ஒரே பரப்பாக, ஒரே அரசு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. ரயில் நிலையமோ பெரிய பஸ் நிலையமோ பக்கத்தில் இருக்கிறது. பதினைந்து இருபது ஆண்டுகள் பொறுக்கிற, நிதி வலுவுள்ள கூட்டாளி கிடைக்கிறார்.

## வழி 4: நகரமே நிலத்தை வைத்துக்கொண்டு, மனை மனையாகக் கொடுப்பது

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் தன் பழைய துறைமுகத்தின் 157 ஹெக்டேரை இப்படித்தான் மாற்றி வருகிறது. ஹாஃபன்சிட்டி என்று பெயர். 1997இல் அறிவித்து, 2000இல் முழுத் திட்டத்தை ஏற்று, நகரத்துக்கே சொந்தமான ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தார்கள். இன்னும் கட்டி முடியவில்லை.

மனை கொடுக்கும் முறை கூர்ந்து பார்க்க வேண்டியது. யார் அதிக விலை கேட்கிறார்கள் என்பதற்கு 30 சதவீத மதிப்பெண்தான். அந்த மனையில் என்ன கட்டப்போகிறார்கள், கீழ்த்தளத்தில் என்ன வரும், யார் குடியிருப்பார்கள் என்ற யோசனைக்கு 70 சதவீதம். தேர்வானவருக்கும் உடனே பத்திரம் பதிவதில்லை. முதலில் மனையை அவர் பெயரில் ஒதுக்கி வைப்பார்கள். அந்தக் காலத்துக்குள் வடிவமைப்புப் போட்டி நடத்தி, கட்டட அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை. வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருப்பது அங்கே நடக்காது. பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழுவாக மனை கேட்கவும் இடம் உண்டு. பிற்காலத்தில் வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அரசு உதவி பெற்ற வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது.

நம் மில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்த முறையில் ஒரு கதவு இருக்கிறது. மற்ற மூன்று வழிகளிலும் இவ்வளவு தெளிவான கதவு எனக்குத் தெரியவில்லை.

செலவுகள் கண்ணுக்குத் தெரிந்தவையே. வெள்ளத்துக்குப் பயந்து நிலத்தைக் கடல் மட்டத்துக்கு எட்டு ஒன்பது மீட்டர் மேலே உயர்த்தினார்கள். சுரங்க ரயில் 2012இல் வந்தது. எல்லாம் மனை விற்கும் முன்னரோ கூடவோ போட வேண்டிய காசு. நகரத்தின் பேராசையும் சேர்ந்துகொண்டது. எல்ப்ஃபில்ஹார்மோனி இசை அரங்குக்கு நகரம் முதலில் ஒதுக்கச் சொன்னது 7.7 கோடி யூரோ. 2017 ஜனவரியில் திறந்தபோது நகரத்தின் கணக்கில் 78.9 கோடி. எல்ப்டவர் என்ற, 245 மீட்டருக்குத் திட்டமிட்ட கோபுரம், கட்டவைத்த நிறுவனம் பணம் கொடுக்காததால் 2023 அக்டோபரில் நூறு மீட்டர் உயரத்தில் நின்றுபோனது. ஆனால் ஒரு மனை கெட்டதால் பேட்டை முழுவதும் கெடவில்லை. மனை மனையாகக் கொடுப்பதன் பலம் அதுதான்.

எப்போது சரி: நிலம் அரசினுடையது. திட்டம் போடவும் கணக்குக் காட்டவும் திறமையும் நேர்மையும் உள்ள ஒரு சிறு அமைப்பைக் கட்சி மாறினாலும் கலைக்காமல் வைத்திருக்க முடியும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் எனக்குக் கவலை.

## வழி 5: இப்போதைக்குக் கட்டாமல் திறந்துவிடுவது

ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பு ஆலையை இடிக்காமல் பூங்காவாக்கினார் நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ். உலைகள் அப்படியே நிற்கின்றன, எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். அங்கே நிலத்துக்குப் போட்டி இல்லை. கோவையில் இருக்கிறது. முழு விடையாக இது நமக்கு ஒத்துவராது, ஆனால் இடைக்கால விடையாக ஒத்துவரும். திட்டம் பேசி முடிய ஐந்து ஆண்டு ஆகுமென்றால் அதுவரை ஒரு நடைபாதை, ஒரு திடல், ஒரு வாரச் சந்தை. ஒருமுறை ஊர் உள்ளே நடந்து பழகிவிட்டால் மறுபடி சுவர் எழுப்புவது எளிதல்ல.

| | ஏலம் | பங்கு விதி | கூட்டுப் பங்கு | நகரமே நடத்துவது |
|---|---|---|---|---|
| காசு | உடனே, ஒரே முறை | ஊருக்கு நிலமாக | தாமதம், அதிகம் | மெல்ல, தவணையாக |
| தெரு | பெரும்பாலும் அடைபடும் | பாதி திறக்கும் | திறக்கும், தனியார் சொத்து | பொதுத் தெரு |
| தொழிலாளி வீடு | இல்லை | உண்டு, விதி நின்றால் | ஒப்பந்தத்தைப் பொறுத்து | உண்டு, குழுவாகவும் கேட்கலாம் |
| தவறினால் | திருத்த வழி இல்லை | நீதிமன்றம் | பேசித் தீர்க்கலாம் | அடுத்த மனையில் திருத்தலாம் |

## கோவைக்கு என் விடை

மத்திய அரசு நிறுவனத்தின் கையில், நகரத்துக்குள், ஒரே ஊரில் ஐந்து மில்கள். மும்பையில் கழகத்தின் மில்கள் போக மீதி பல தனியார் கைகளில் சிதறிக் கிடந்தன. ஆகவே நான் கேட்கச் சொல்வது நான்காம் வழியை. அதற்கான அமைப்பை உருவாக்க முடியாது என்று தெரிந்தால் மூன்றாம் வழியை, அதுவும் தெருக்களை மாநகராட்சிக்கு எழுதி வாங்கிக்கொண்டு. தொழிலாளிகளின் பாக்கிக்கு நிலத்தை விற்றே ஆக வேண்டும் என்று சொல்வார்கள். அப்படியானால் பெருஞ்சாலையை ஒட்டிய ஒரு துண்டை மட்டும் முதலில் விற்று, அந்தக் காசைப் பாக்கிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மீதி நிலம் கையில் இருக்கட்டும்.

வார்டு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று காகிதங்களைக் கொண்டு போங்கள். மில் நிலத்தின் புல வரைபடம் ஒன்று. மண் பரிசோதனை எப்போது, யார் செலவில் என்று கேட்கும் மனு ஒன்று. மூன்றாவதை நீங்களே தயாரிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முழுச் சுற்று நடந்து, எந்தத் தெருவெல்லாம் சுவரில் முட்டி நிற்கிறது என்று புல வரைபடத்தின் நகலில் குறியுங்கள். முட்டி நிற்கும் தெருவை எதிர்ச் சுவரில் முட்டும் தெருவோடு பென்சிலால் இணையுங்கள். திட்டம் எதுவானாலும் அந்தப் பென்சில் கோடுகள் அதில் தெருக்களாக வருமா என்று கேட்டு, பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.